பன்னிரண்டு மணிச் சங்கும் ஒரு விரால் மீனும்

டெம்பரரி தொழிலாளிக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் கிடையாது. 'வெல்டிங் வருமா?' என்றால் வரும் சார். 'கிரேன் ஓட்டுவாயா?' என்றால் ஓட்டுவேன் சார். (ஓட்டி, ஸ்டோர் ரூம் கதவை இடித்த பிறகு 'இது வேற மாடல் சார்' என்று சொல்லிக்கொள்ளலாம்.) 'தெரியாது' என்று சொல்லும் உரிமை பர்மனென்ட் ஆனவர்களுக்கு மட்டுமே உண்டு. அவர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். அந்த உரிமை இல்லாமல் இரண்டரை வருஷம் வாழ்ந்தவன் நான். அந்தக் காலத்தில் வாய் தவறிச் சொன்ன ஒரு 'தெரியும் சார்' என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்து நான்கு வயது. இன்று கார் கம்பெனிகளாக நிற்கிற ஒரகடம் ரோட்டில் அன்று நெல்வயலுக்கு நடுவே ஒற்றையாக ஒரு பம்பு கம்பெனி இருந்தது. அதில் நான் டெம்பரரி டர்னர். டெம்பரரி என்றால் ஐந்து மாதம் வேலை, பத்து நாள் 'பிரேக்', பிறகு அதே லேத்தில் அதே ஆள் புதிதாகச் சேர்வது. நான் அந்தக் கம்பெனியில் ஐந்து முறை புதிதாகச் சேர்ந்தவன். ஒவ்வொரு முறையும் ஃபோர்மேன் துலுக்காணம், "பேரு இன்னாடா?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும், "ஏகாம்பரம் சார்" என்று முதல் தடவை சொல்வதுபோலச் சொல்வேன். அவர் எழுதிக்கொள்வார்.

அந்த வருஷம் ஐப்பசியில் மெஷின் ஷாப்பில் ஒரே ஒரு பர்மனென்ட் இடம் காலியானது. வரிசையில் நின்றது இரண்டு பேர். நானும், பக்கத்து லேத் அந்தோணியும். அந்தோணி என்னைவிட நல்ல வேலைக்காரன். இது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், லேத்துக்கும் தெரியும். ஆனால் அந்த இடம் கிடைக்காவிட்டால் எனக்கு வேலை மட்டுமல்ல, கல்யாணமும் கிடையாது. எங்கள் ஊர் ஏரிக்குக் கீழே மூன்றாவது ஊரில் வசந்தா என்ற பெண்ணைப் பார்த்து, பஜ்ஜி தின்று, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய அப்பா ஒரே பேச்சில் நின்றுகொண்டிருந்தார்.

"புள்ள தங்கமான புள்ளதான். ஆனா பர்மனென்ட் ஆர்டர கண்ணால பாத்தாத்தான் தாம்பூலம். தை மாசத்துக்குள்ள வர்லன்னா வேற எடம் பாத்துக்குவேன். தப்பா நெனச்சிக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. பயந்துதான் போனேன். ஒரே ஒரு தடவை பார்த்த பெண் என்றாலும், தட்டை நீட்டும்போது அவள் "காரம் ஜாஸ்தியா போச்சா?" என்று கேட்டதை ஏழு மாதமாகக் காதில் வைத்துக்கொண்டு லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் ஒர்க்ஸ் மேனேஜர் சீனிவாசன் சார். ஜெர்மனியில் டிரெய்னிங் எடுத்தவர். திரும்பி வரும்போது சக்கரம் வைத்த ஒரு தூண்டிலைக் கொண்டுவந்தார். அதை அவர் ராட் என்றுதான் சொல்வார். நாங்கள் தூண்டில் என்று சொன்னால் முகம் சுளிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பி வைத்துக்கொண்டு, கம்பெனியின் பின்சுவரை ஒட்டியிருந்த ஏரிக்கரைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவார். அவர் சுத்த சைவம். பிடித்த மீனை எடை போட்டு, போட்டோ எடுத்து, மறுபடியும் ஏரியிலேயே விட்டுவிடுவார்.

இது சுற்றுவட்டாரத்தில் பெரிய குழப்பத்தை உண்டாக்கியது. "திரும்பி வுடறதுக்கு எதுக்குப் புடிக்கணும்?" என்று கேன்டீனில் விவாதம் நடக்கும். பொழுது போகவில்லை என்றார்கள் சிலர். மீனுக்கு ஏதோ வேண்டுதல் என்றார்கள் சிலர். அதிகம் படித்தால் இப்படித்தான் ஆகும் என்று ஃபோர்மேன் துலுக்காணம் முடித்து வைப்பார்.

ஒவ்வொரு வருஷமும் கம்பெனி ஆண்டு விழாவுக்கு முன்னால் கேரம், கயிறு இழுத்தல், சாக்கு ஓட்டம் என்று போட்டிகள் நடக்கும். அந்த வருஷம் மேனேஜர் புதிதாக மீன்பிடிப் போட்டி என்று ஒன்றைச் சேர்த்தார். ஒரு ஆபீசர், ஒரு தொழிலாளி சேர்ந்தது ஒரு டீம். காலை எட்டு முதல் மதியம் ஒரு மணி வரை. எவருடைய மீன் அதிக எடையோ அவருக்கு எவர்சில்வர் அண்டா. மீன் உயிரோடு இருக்க வேண்டும், எடை போட்டதும் ஏரியில் விட்டுவிட வேண்டும். (இந்தக் கடைசி விதியைப் படித்ததும் பாதிப் பேர் பெயரை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.)

விதிகளை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று மேனேஜர் நேராக என் லேத் பக்கம் வந்தார்.

"ஏகாம்பரம், நீ ஏரிக்கரை ஊர்தானே?"

"ஆமா சார்."

"விரால் பிடிக்கத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"மழை பெய்ஞ்சு தண்ணி கலங்கியிருந்தா?"

"அதுலதான் சார் நல்லாத் தெரியும்."

அவர் என் தோளில் தட்டினார். என்னைத் தன் டீமில் சேர்த்துக்கொண்டார். பக்கத்து லேத்தில் அந்தோணி இருமினான். அது இருமல் இல்லை.

உண்மை என்னவென்றால், எங்கள் வீடு ஏரிக்கரையில்தான் இருந்தது. ஆனால் நான் பிறந்தபோது ஜோசியர் எனக்கு ஜலகண்டம் இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டார். அதனால் பன்னிரண்டு வயது வரை என் அம்மா என்னை ஏரிப்பக்கம் விடவே இல்லை. ஊர்ப் பையன்கள் எல்லாம் தூண்டில் போட்டபோது நான் வீட்டுக்குள் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தேன். பன்னிரண்டு வயதுக்கு மேல் கண்டம் நீங்கிவிட்டது, ஆனால் பழக்கம் போய்விட்டது. மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதைக் குழம்பில் சந்தித்த பிறகு தெரிந்ததுதான்.

இங்கே கம்பெனிச் சங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் கடிகாரம் அதுதான். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதினால் எங்களுக்குச் சாப்பாடு. நாற்று நடுகிற பெண்களும் அதைக் கேட்டுத்தான் கரையேறுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊதாமல் விட்டதற்கு மூன்று ஊர்க்காரர்கள் கம்பெனி கேட்டுக்கு வந்து சத்தம் போட்டதால், விடுமுறையிலும் வாட்ச்மேன் பன்னிரண்டு மணிக்கு ஊதிவிடுவார். மெஷின் ஷாப்பில் அந்தச் சங்குக்கு இன்னொரு சட்டம் இருந்தது. முன்பு ஒருமுறை சங்கு ஊதிய பிறகும் 'இன்னும் ஒரே ஒரு கட்' என்று மெஷினில் கை வைத்த ஒருவருக்கு விரல் நுனி போய்விட்டது. அதிலிருந்து ஃபோர்மேன் துலுக்காணம் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். சங்கின் முதல் சத்தத்தில் சுவிட்சை அணைத்து, இரண்டு கையையும் காதுவரை தூக்கி, ஓரடி பின்னால் நகர வேண்டும். அவர் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று எல்லாக் கைகளையும் பார்ப்பார். தாமதமாகத் தூக்குகிற டெம்பரரியின் பெயர் நோட்டில் ஏறும். பர்மனென்ட் ஆகிற ஆசையில் நான் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரையும் முந்தவிட்டதில்லை. சங்குக்கு மூச்சு வரும்போதே என் கை மேலே இருக்கும்.

போட்டிக்கு முந்தைய வாரம் புயல் வந்து நான்கு நாள் விடாமல் அடித்தது. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் என்கிற கல்கட்டின் மேல் வழிந்து கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் கேன்டீன் டீயின் நிறத்தில் இருந்தது. வேலிக்காத்தான் மரங்கள் வேரோடு மிதந்தன. போட்டியை ஒரு வாரம் தள்ளிவைக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். "ஜெர்மனியில் மழைக்காக எதையும் தள்ளிவைப்பதில்லை" என்றார் மேனேஜர். ஜெர்மனியில் ஏரிக்கரையில் இப்படிச் சேறு இருக்குமா என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நான் மாமா பையனின் பெல்பாட்டம் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நின்றேன். மேனேஜரோடு நிற்கும்போது கௌரவமாக இருக்க வேண்டும் என்று வாங்கி வந்தது. பத்து அடி நடப்பதற்குள் அதன் இரண்டு கால் வாயும் சேற்றை அள்ளிக்கொண்டன. அதற்குப் பிறகு நான் நடந்தேன் என்று சொல்வதைவிடக் கரையை இழுத்துக்கொண்டு போனேன் என்று சொல்லலாம். அந்தோணி அரை டிராயரில் வந்திருந்தான். கையில் மூங்கில் கம்பு, கொட்டாங்கச்சியில் மண்புழு. அவனுக்கு ஜோடி அக்கவுண்ட்ஸ் ஆபீசர். அவர் ஒரு குடையை விரித்துக்கொண்டு, முழங்கால் மேல் அன்றைய பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மெஷின் ஷாப் ஆட்கள் முப்பது பேர் ஃபோர்மேன் தலைமையில் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

மேனேஜரின் ராடில் புழு கிடையாது. பளபளவென்று ஒரு தகரத் துண்டுதான். அது தண்ணீரில் சுழன்றுகொண்டே வரும், பெரிய மீன் அதைச் சின்ன மீன் என்று நினைத்துக் கடிக்கும் என்று எனக்கு விளக்கினார். 'தெரியும் சார்' என்றேன். ஆனால் அன்றைய தண்ணீரில் தகரம் இரண்டு அங்குலம் இறங்கியதுமே மறைந்துவிட்டது. எங்களுக்கே தெரியாதது மீனுக்கு எப்படித் தெரியும்? அவர் வீசி வீசி இழுத்தார். முதலில் ஒரு வேலிக்காத்தான் கிளை வந்தது. அரை மணி கழித்து ஒரு ரப்பர் செருப்பு வந்தது. பத்து மணிக்கு ராட் வில்லாக வளைந்தது. மேனேஜர் "பெரிசு! பெரிசு!" என்று கத்தினார். கரையே எழுந்து நின்றது. மெதுவாக மேலே வந்தது யாரோ கரையில் காயப்போட்டு வெள்ளம் அடித்துக்கொண்டு போன எட்டு முழ வேட்டி. ஃபோர்மேன் அதைப் பிழிந்து, ஓரத்தில் இருந்த சலவைக் குறியைப் படித்துப் பார்த்து, தன்னுடையதுதான் என்று எடுத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு மேனேஜர் ராடை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏகாம்பரம், இதுவரைக்கும் நான் என் முறையில பார்த்தேன். உங்க ஊர்ல இந்த மாதிரித் தண்ணிக்கு என்ன பண்ணுவாங்க?"

எங்கள் ஊரில் இந்த மாதிரித் தண்ணீர் வந்தால் என் அம்மா என்னை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவாள். அதைச் சொல்ல முடியவில்லை. "ஒண்ணுக்குப் போயிட்டு வந்து சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு, புதர்களைச் சுற்றிக்கொண்டு அந்தோணியிடம் போனேன். அவன் அதற்குள் முக்கால் கிலோ கெளுத்தி ஒன்றைப் பிடித்து அன்னக்கூடையில் தண்ணீரில் போட்டு வைத்திருந்தான்.

"மச்சான், இந்தத் தண்ணியில விராலுக்கு இன்னாடா போடணும்?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பார்வை பெல்பாட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

"உயிர்த் தவள. முள்ள முதுகுல மாட்டி, கலங்கலாண்ட தண்ணி சுத்துது பாரு, அங்க வுடு. விரால் எதிர்த் தண்ணியில ஏறிக்கினு வரும். தவள தத்தளிக்கிற சத்தத்துக்கே வந்து அடிக்கும்."

எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிறவன் இப்படி ரகசியத்தைச் சொல்கிறானே!

"ஏண்டா எங்கிட்ட சொல்ற?"

"ஒனக்குத் தவள புடிக்க வராது. அதான்."

அவன் சொன்னது சரி. அடுத்த அரை மணி நேரம் நானும், ஜெர்மனியில் படித்த ஒரு இன்ஜினீயரும், ஏரிக்கரைப் புல்லில் நான்கு காலில் தவளை பிடித்தோம். நான் பாய்ந்த இடத்தில் தவளை இருக்காது, தவளை இருக்கிற இடத்துக்கு நான் பாயும்போது பெல்பாட்டம் வராது. கடைசியில் மேனேஜர்தான் தன் தொப்பியால் ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்தார். தகரத்தைக் கழற்றிவிட்டு முள்ளில் தவளையை மாட்டும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஐ ஆம் சாரி" என்று தவளையிடம் சொன்னதை நான் மட்டும்தான் கேட்டேன். "இதுதான் சார் எங்க ஊர் முறை" என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

கலங்கலுக்கு நான்கு முழம் இந்தப் பக்கம், தண்ணீர் வட்டமடிக்கிற இடத்தில் தவளையை இறக்கினோம். "உன் முறை, நீயே பிடி" என்று ராடை என் கையில் கொடுத்தார். வழவழவென்று, என் இரண்டு மாதச் சம்பளம் பெறும் பொருள். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. 'பளார்' என்று தண்ணீர் வெடித்தது. கம்பு என் வயிற்றில் இடித்தது. சக்கரம் கிரீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் மேனேஜர் பக்கத்தில் நின்று 'சுத்து, நிறுத்து, விடு, சுத்து' என்று சொல்லச் சொல்ல, லேத் ஹேண்டிலைச் சுற்றுவதுபோல நான் சுற்றினேன். அது மட்டும் எனக்கு நன்றாக வந்தது. பத்து நிமிஷம் கழித்து முதல் தடவையாக அது தலையைக் காட்டியது. என் தொடைப் பருமனுக்கு ஒரு விரால். நான்கு கிலோவுக்குக் குறையாது. (வீட்டில் இதை ஆறு கிலோ என்று சொல்லியிருக்கிறேன். எழுத்தில் பொய் வேண்டாம்.)

கரையில் முப்பது பேரும் ஊளையிட்டார்கள். அக்கவுண்ட்ஸ் ஆபீசர் பேப்பரை மடித்தார். அந்தோணி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேனேஜர் பிடி வைத்த வலைக்கூடையை எடுத்துக்கொண்டு, ஷூவோடு, தொடையளவு தண்ணீரில் இறங்கினார்.

"கொஞ்சம்தான், கொஞ்சம்தான்! மெதுவா என் பக்கம் கொண்டா. எது நடந்தாலும் விடாதே ஏகாம்பரம்!"

"வுடமாட்டேன் சார்!"

மீன் வலைக்கு ஒரு முழத்தில் இருந்தது. எனக்கு அந்த மீன் தெரியவில்லை. அதன் பின்னால் பர்மனென்ட் ஆர்டர், அதன் பின்னால் தாம்பூலத் தட்டு, அதன் பின்னால் காரம் கேட்ட அந்த முகம், எல்லாம் வரிசையாகத் தண்ணீரில் வந்துகொண்டிருந்தன. மேனேஜர் வலையை மீனுக்குக் கீழே கொண்டுபோனார்.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

என் வலது கை தூக்கிக்கொண்டது. இடது கை தூக்கிக்கொண்டது. இரண்டும் காதுவரை போயின. நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். பிறகு, வழக்கம்போல, ஃபோர்மேன் பார்த்தாரா என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தலையைக்கூட ஆட்டினார். கரையில் நின்ற முப்பது பேர் கையும் மேலே இருந்தது. அந்தோணியும் கையைத் தூக்கியிருந்தான். அவன் தன் மூங்கில் கம்பைச் சேற்றில் ஊன்றி வைத்திருந்ததால் அது அங்கேயே நின்றது.

ஜெர்மன் ராட் அங்கே நிற்கவில்லை. அது மேனேஜரின் இடுப்பை உரசிக்கொண்டு போய், தண்ணீரில் இரண்டு வட்டம் அடித்து, கலங்கல் கல்கட்டின் மேல் ஏறி, அந்தப் பக்கம் விழுந்தது. முன்னால் விரால், பின்னால் ராட். சங்கு ஒரு நிமிஷம் முழுக்க ஊதி ஓய்ந்தது. அதுவரை யாரும் அசையவில்லை. காலி வலையோடு தண்ணீரில் நின்ற மேனேஜர் மெதுவாகத் திரும்பினார்.

"ஏன் விட்டே?"

"சங்கு சார்."

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். அவர் அவ்வளவு பரிதாபமாக நின்றதைப் பார்த்து, ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"எப்படியும் வுடத்தான சார் போறோம்?"

"மீனைத்தான் விடுவேன்," என்றார் அவர். "ராடை விடமாட்டேன்."

நான் கால்வாயோரமாக ஓடினேன். கலங்கல் தண்ணீர் ஊர் ஊராகப் போகும் என்பதால் நானும் ஊர் ஊராகப் போனேன். முதல் ஊரில் மாடு கழுவிக்கொண்டிருந்த ஒருவரிடம், "அண்ணே, ஒரு மீன் ஒரு கம்ப இழுத்துக்கினு போச்சா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "கம்புதான மீன இழுக்கும்?" என்றார். இரண்டாவது ஊரில் நான் கேட்பதற்கு முன்பே, "கம்ப வுட்டவரு நீங்கதானா?" என்று கேட்டார்கள். கால்வாய்த் தண்ணீரைவிடச் செய்தி வேகமாகப் போயிருந்தது.

மூன்றாவது ஊரில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. அதை வேடிக்கை பார்க்கப் பெண்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி வசந்தா. அது எந்த ஊர் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு காலில் செருப்பில்லை. இடுப்புவரை சேறு. பெல்பாட்டத்தின் ஒரு கால் முழங்காலோடு கிழிந்து எங்கேயோ போயிருந்தது.

"இன்னா தேடுறீங்க?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. ஒரு கம்பு."

"ஒங்க கையிலதான இருந்துச்சாம்?"

"ஆமா."

"அப்பறம்?"

"சங்கு ஊதிச்சி."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். "எங்களுக்குந்தான் கேட்டுச்சி. நாங்க நாத்துக் கட்ட கீழ வெச்சிட்டுதான் கரையேறனோம். தண்ணியில வுட்டுட்டு வர்ல." பக்கத்தில் இருந்த பெண்கள் அடக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுடைய அப்பா மண்வெட்டியோடு வந்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஆர்டர் வந்துச்சா?" என்று கேட்டார். "இன்னும் வர்லீங்க" என்றேன். "இனிமே வருமா?" என்றார். பதிலுக்காக அவர் நிற்கவில்லை. நான் திரும்பி நடக்கும்போது மறுபடி மழை பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது. யாருக்கும் தெரியாது என்பதால் வீடுவரை தாராளமாக அழுதேன். ராட் கிடைக்கவே இல்லை. அந்தோணியின் முக்கால் கிலோ கெளுத்திக்கு எவர்சில்வர் அண்டா கொடுத்துவிட்டார்கள் என்று தெருவில் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே ஃபோர்மேன் துலுக்காணமும் நின்றிருந்தார். கணக்கு முடித்து அனுப்பத்தான் கூப்பிடுகிறார்கள் என்று முடிவு செய்து, டூல் பாக்ஸ் சாவியைக் கையோடு கொண்டு போயிருந்தேன். மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. ஃபோர்மேனைத்தான் பார்த்தார்.

"நேத்து முப்பது பேரும் கையைத் தூக்கினாங்களே, அது நீங்க பழக்கினதா?"

"ஆமா சார்."

"ஞாயித்துக்கிழமைகூடவா?"

"சங்குக்குக் கெழம தெரியாது சார். அந்தப் பழக்கம் வந்ததுலேர்ந்து நம்ம ஷாப்புல ஒரு வெரல் போவல. இவன்தான் சார் மொத ஆளா தூக்குவான். வேற எதுலயும் மொத ஆள் இல்ல, உள்ளதச் சொல்றேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டர்னர் இடம் அந்தோணிக்கு. அதுல சந்தேகம் இல்லை. ஆனா விட்டுடுன்னு சங்கு சொன்னா, எதிர்ல மேனேஜரே விடாதேன்னு கத்தினாலும் விடுறவனை நான் எங்கே போய்த் தேடுறது? இவனை வெளியே அனுப்ப முடியாது. இவன் கையில எதையும் கொடுக்கவும் முடியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "டைம் ஆபீஸ்ல சங்கு ஊதுற பெரியவர் மார்கழியோட ரிட்டயர் ஆகிறார். உனக்குச் சங்கு ஊதத் தெரியுமா?"

வாய்வரை வந்துவிட்டது. எப்படியோ விழுங்கினேன்.

"தெரியாது சார்."

"கத்துக்கோ" என்றார்.

ஆர்டரை வசந்தாவின் அப்பா வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "மெஷின்ல இல்லியா?" என்றார். இல்லை என்றேன். "சுவிட்ச் அமுக்கற வேலையா? நல்லதுதான், கைகால் பத்திரமா இருக்கும்" என்று தாம்பூலத்துக்குச் சம்மதித்தார். தையில் கல்யாணம் நடந்தது. பந்தியில் அந்தோணி அந்த அண்டாவைக் கொண்டுவந்து மொய்யாக வைத்தான். இருபத்தொன்பது வருஷம் நான் சங்கு ஊதினேன். மூன்று ஊர் ஜனங்கள் என் விரல் அசைந்தால்தான் சோறு தின்றார்கள். மேனேஜர் வேறு ராட் வாங்கினார். ஆனால் அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு முன்பே கரையேறிவிடுவார் என்று வாட்ச்மேன் சொல்வார்.

இப்போது வாலாஜாபாத்தில் இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் உயிர் விரால் வந்திருந்தது. புதிதாகக் கடை போட்ட மீன்காரம்மா ஒன்றைத் துள்ளத் துள்ளத் தூக்கி என் கையில் கொடுக்க வந்தாள். வசந்தா நடுவில் கையை நீட்டி மறித்தாள்.

"இவரு கையில குடுக்காதம்மா. மணி பன்னெண்டு ஆவப் போவுது."

கம்பெனியை மூடி, சங்கு நின்று பல வருஷம் ஆகிறது, இன்னுமா என்று கேட்டேன்.

மீனைப் பையில் போட்டுக்கொண்டே, "அது ஒங்க கைக்குத் தெரியுமா?" என்றாள்.